முதல் குளிர்காலத்துக்குக் கண்ணே போதும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. எட்டாவது படிக்கும் மகளுக்கு வானம் பார்க்கும் ஆசை வந்திருக்கிறது. ஆனால் மார்கழியில் பாதி நாள் மேகம். வீடியோக்களில் பார்த்தால் உறைபனி நாடுகளில்தான் குளிர்கால வானத்தைக் கொண்டாடுகிறார்கள். நம் ஊர் இதற்குத் தோதான இடம்தானா? 76 மி.மீ. தொலைநோக்கி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 525 மடங்கு பெரிதாக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. வாங்கிவிடலாமா? எங்கள் மாடிக்கு வடக்கே தெருவிளக்கு, தெற்கே வயல்.

க.

அன்புள்ள க.,

இப்போது வாங்க வேண்டாம். இந்தக் குளிர்காலத்தில் மகள் வெறும் கண்ணால் பார்க்கட்டும். ஏதாவது வாங்கித் தந்தே ஆகவேண்டும் என்றால் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் ஒன்று போதும் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முகப்பு லென்ஸின் விட்டம் மி.மீ.யில்).

உங்கள் ஊர் தோதான இடம்தான். வடகிழக்குப் பருவமழையின் மேகம் டிசம்பரோடு பெரும்பாலும் விலகிவிடும். தை, மாசி இரவுகள்தான் நமக்கு வானம் பார்க்கும் காலம். பிப்ரவரி தொடக்கத்தில் இரவு ஒன்பதரை மணிவாக்கில் மாடியில் கட்டிலைப் போட்டுப் படுத்தால், ஏறக்குறைய உச்சியில் சிவந்த திருவாதிரை நிற்கும். அதை ஒட்டி, ஓரியன் என்ற வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் மூன்று நட்சத்திரப் பட்டை. இன்னும் தள்ளி நீலம் கலந்த வெண்மையில் ரைஜல் நட்சத்திரம். இந்த இரண்டு நிறங்களையும் மகளே பிரித்துச் சொல்லிவிடுவாள். மேற்கே ரோகிணி, அதற்கும் மேற்கே கார்த்திகைக் கூட்டம்.

அப்புறம் தெற்கே திரும்புங்கள். வயல் பக்கம் இருட்டாக இருப்பது உங்கள் பாக்கியம். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் பத்து பாகை. அடிவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில் வெண்மையாக ஒன்று தெரியும். அதுதான் அகத்திய நட்சத்திரம், கனோபஸ். இரவு வானில் சிரியஸுக்கு அடுத்து மிகப் பிரகாசமான நட்சத்திரம் இது. லண்டனில் இருப்பவருக்கு எந்த இரவிலும் இது உதிக்காது. அதே மாதம் விடியற்காலை நாலரை மணிக்கு எழ முடிந்தால், தெற்கில் மூன்று முஷ்டி உயரத்தில் ஒமேகா சென்டாரி இருக்கும். சுமார் ஒரு கோடி விண்மீன்கள் சேர்ந்த கொத்து அது. பைனாகுலரில் மங்கிய பஞ்சு உருண்டைபோல் தெரியும். வடக்கு ஐரோப்பாக்காரர்கள் இதைப் பார்க்க விமானம் ஏறவேண்டும். நமக்கு மாடிப்படி ஏறினால் போதும்.

சரி, தொலைநோக்கி ஏன் வேண்டாம் என்கிறேன்? வானத்தின் மிகச் சிறிய துண்டைத்தான் அது காட்டும். எந்தத் துண்டு என்று தெரியாமல் பார்த்தால், குழந்தை இரண்டு வாரத்தில் சலித்துப்போகும். நிறங்களையும் எதிர்பார்க்கக் கூடாது. ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் படத்தில் ரோஜா நிறமாக இருப்பது கேமரா நெடுநேரம் ஒளியைச் சேர்ப்பதால். கண்ணுக்கு அது சாம்பல் நிறப் புகைதான்.

வெறும் கண்ணுக்கே எவ்வளவு தெரியும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரி வரை திருவாதிரை மங்கிக்கொண்டே வந்து, பக்கத்திலுள்ள பெல்லாட்ரிக்ஸ் நட்சத்திரத்தின் அளவுக்கு இறங்கியது. திருவாதிரை கக்கிய வாயு குளிர்ந்து தூசிப் படலமாகி ஒளியை மறைத்ததே காரணம் என்று பின்னர் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அந்த மாற்றத்தைக் காண எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. அது முன்பு எவ்வளவு பிரகாசமாக இருந்தது என்று தெரிந்திருந்தால் போதும். மகளுக்கு முதலில் கிடைக்கவேண்டியது இந்தப் பழக்கம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ராதாகோபிந்த சந்திரா பற்றியும் அவளிடம் சொல்லுங்கள். இன்றைய வங்கதேசத்திலுள்ள ஜெசூர் கருவூலத்தில் வேலை பார்த்த வங்காளி. 1910இல் ஹாலி வால்நட்சத்திரத்தைச் சின்ன பைனாகுலரில் பார்த்தவர். தொலைநோக்கி வாங்கியது அதற்குப் பிறகுதான். பிரகாசம் கூடிக் குறையும் மாறும் விண்மீன்களின் ஒளியை இரவிரவாகக் கணித்து, 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளை அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அனுப்பினார். அவர்கள் 1920களில் அவருக்கு ஆறேகால் அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தார்கள். அது பின்னாளில் நம் ஜவ்வாது மலையின் காவலூர் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் பட்டம் பெற்ற விஞ்ஞானி அல்ல. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனம் நிறைகிற வாழ்க்கை அது.

செய்முறையில் சில விஷயங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் ஆகும். நடுவில் ஒருமுறை போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்துதான். வரைபடம் பார்க்க, டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். தினசரி காலண்டரில் அமாவாசை பார்த்து, அதற்கு முந்தைய பத்து நாளையும் பிந்தைய மூன்று நாளையும் குறித்துவையுங்கள். பைனாகுலர் கையில் ஆடும், கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளலாம். பின்னிரவில் பனி இறங்கி லென்ஸ் மங்கும். அப்போது துடைக்காமல் மூடி வைத்துவிடுங்கள். அவளுக்கு ஒரு நோட்டு கொடுங்கள். நாள், மணி, என்ன தெரிந்தது, எதைவிட எது பிரகாசம் என்று மட்டும் எழுதட்டும்.

அடுத்த தையிலும் அவளே கேட்டால் வாங்கலாம். அப்போதும் பெட்டியில் போட்டிருக்கும் மடங்கை நம்ப வேண்டாம். முகப்பு விட்டத்தை மி.மீ. கணக்கில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள், அதற்கு மேல் பெரிதாக்கினால் பிம்பம் கலங்கிவிடும். 76 மி.மீ.க்கு 150 மடங்கு வரைதான். முடிந்தால் ஆறு அங்குல டாப்சோனியன் வகையை (எளிய பெட்டித் தாங்கியில் சுழலும் தொலைநோக்கி) பாருங்கள். விலை கூடுதல்தான், ஆனால் தாங்கி அவ்வளவாக ஆடாது. வாங்கும் முன் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.