கொடுத்த லஞ்சத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கேள்வி: நகராட்சியில் மழைநீர் வடிகால் வேலை எடுத்துச் செய்தேன். பில் பாஸாக உதவிப் பொறியாளர் 40,000 ரூபாய் கேட்டார். வேறு வழியில்லாமல் அவர் சொன்ன டிரைவரின் எண்ணுக்கு ஜிபே செய்தேன். 20 நாளாகிறது. இப்போது இன்னும் 30,000 கேட்கிறார். ஆர்டருக்கு மேல் நான் செய்த 11 மீட்டரை எம்-புக்கில் (வேலை அளவைப் பதியும் புத்தகம்) ஏற்றவும் இல்லை. வேலையாட்கள் முன்னால் கேவலமாகப் பேசினார். ஆடியோ இருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு அவரை உள்ளே தள்ள முடியுமா?

பதில்: அவர் பேசிய பேச்சை வழக்குக்குள் கொண்டுவராதீர்கள், அதனால் பயனில்லை. உங்கள் கடிதத்தில் கவலைப்பட வேண்டியது அந்த 20 நாள்தான்.

2018 ஜூலை 26 முதல் லஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றம். ஊழல் தடுப்புச் சட்டம் 8-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிர்ப்பந்தத்தால் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு. ஆனால் கொடுத்த 7 நாளுக்குள் காவல்துறைக்கோ லஞ்ச ஒழிப்புத் துறைக்கோ தெரிவித்திருக்க வேண்டும். கலெக்டருக்குப் போடும் மனுவும் ஃபேஸ்புக் பதிவும் இதில் சேராது. ஆக, அந்த 40,000 விஷயத்தில் நீங்களும் குற்றவாளி ஆகலாம். சட்டவிரோத நோக்கத்துக்குக் கொடுத்த பணம் என்பதால் சிவில் வழக்கிலும் திரும்ப வரும் என்று நம்ப முடியாது. தலைமுழுகிவிடுங்கள்.

இப்போது கேட்கும் 30,000 வேறு கதை. அதை நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கும் முன் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லி, அவர்களுக்கு உதவியாகக் கொடுத்தால் அதே சட்டத்தின் 8(2) உட்பிரிவு உங்களைக் காக்கும். புகாரின் மையம் இந்தக் கோரிக்கையாகவே இருக்கட்டும். முதல் பணத்தை மறைக்கலாமா என்று யோசிக்காதீர்கள். ஜிபே வரலாறு வங்கியில் கிடக்கிறது, குறுக்கு விசாரணையில் அது வெளிவந்தால் உங்கள் சாட்சியமே சரியும். அதை எப்படி எழுதுவது என்பதைக் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவருடன் நேரில் உட்கார்ந்து முடிவு செய்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது இதற்கு முந்தைய கட்டத்தில். "ஆடியோ இருக்கு, பணத்தைக் கொடு, இல்லைன்னா புகார்" என்று ஒரு வாட்ஸ்அப் போதும். அடுத்த நாள் அந்த அதிகாரி மிரட்டிப் பணம் பறித்ததாக உங்கள் மேல் புகார் கொடுப்பார், ஆதாரம் உங்கள் கைப்படவே இருக்கும். பணத்தை வாங்கிக்கொண்டு புகாரைக் கைவிடுவதாகப் பேசினால் இன்னும் மோசம். லஞ்சம் சமரசம் செய்யக்கூடிய குற்றம் அல்ல, குற்றத்தை மறைக்கப் பணம் பெறுவது தனிக் குற்றம். லஞ்ச ஒழிப்புத் துறை அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பொறி வைத்த பிறகு, நீங்கள் மனம் மாறிப் பிறழ்சாட்சி ஆனாலும் (சொன்னதை மாற்றிச் சொன்னாலும்) வழக்கு அதோடு முடியாது. புகார்தாரர் பிறழ்ந்தாலும் மற்ற ஆதாரங்களால் கோரிக்கையை நிரூபிக்கலாம் என்று 2022-இல் நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

பொறி நாளில் பினாப்தலீன் பொடி தடவிய நோட்டை நீங்களாக நீட்டாதீர்கள். அவர் வாய் திறந்து கேட்க வேண்டும், உடன் வரும் சாட்சிக்கும் அது காதில் விழ வேண்டும். அந்தப் பொடி ஒட்டிய அவர் கை சோடியம் கார்பனேட் கரைசலில் சிவந்தால் நோட்டைத் தொட்டார் என்றுதான் ஆகும். கேட்டார் என்று ஆகாது. மேஜையில் வைத்துவிட்டு வந்தால் "கடனைத் திருப்பினான்" என்பார்கள். ஆடியோ பதிவான போனையே பத்திரப்படுத்துங்கள். வெட்டிய நகலை அனுப்பிக்கொண்டிருந்தால், பாரதிய சாட்சிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவில் மின்னணு ஆதாரத்துக்குக் கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்யும்போது எதிர்த்தரப்பு அங்கேதான் பிடிக்கும்.

பில்லைப் பொறுத்தவரை நகராட்சி கமிஷனரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். எழுத்தில் உத்தரவு இல்லாத 11 மீட்டருக்காக வருடக்கணக்கில் அலைவது வீண். எம்-புக்கில் ஏறிய அளவுக்குப் பணம் தரச் சொல்லி மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அந்த மனுவில் லஞ்சம் பற்றி ஒரு வரியும் வேண்டாம். எழுதினால், பொறி வைக்கும் முன்பே விஷயம் அந்தப் பொறியாளர் காதுக்குப் போய்விடும்.