விந்தணு ரிப்போர்ட் நார்மல், ஆனாலும் இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. டிஎன்ஏ சிதைவு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள், அவசியமா?

எடுங்கள். இரண்டு முறை கலைந்த பிறகு தள்ளிப்போட வேண்டாம். இப்போதுதான் குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு இது தேவையில்லை. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் அப்படித்தான் சொல்கிறது: ஆரம்பத்தில் வேண்டாம், திரும்பத் திரும்பக் கலைந்தால் ஆணுக்கும் பாருங்கள்.

எனக்குச் சொந்த ஊர் கம்பம். கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. எங்களுக்கும் இதே கதைதான். கவுண்ட், அசைவு, வடிவம் மூன்றும் சரியாக இருந்தன. அந்த ஒரு தாளை வைத்து "மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல" என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் ஸ்கேன், ரத்தம், ஊசி எல்லாம் என் மனைவிக்குத்தான். ஜீப்பில் போனாள், பப்பாளி தின்றாள், குடம் தூக்கினாள் என்று ஆளுக்கொரு காரணம். கரு கலைந்த உடம்போடு அவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாதாரண டெஸ்ட் எத்தனை அணு இருக்கிறது, எப்படி நீந்துகிறது, எப்படி இருக்கிறது என்பதை மட்டும்தான் பார்க்கும். தலைக்குள் இறுக்கிச் சுருட்டி வைத்திருக்கும் டிஎன்ஏ இழை அறுந்திருக்கிறதா என்று அதில் தெரியாது. ஏலக்காய் தோல் பச்சையாகத் திரண்டு நிற்கும், உடைத்தால் அரிசி கெட்டிருக்கும், அந்த மாதிரி. விந்தணுவுக்குத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி கிடையாது. கருமுட்டைதான் ஓரளவு பழுது பார்க்கும், பெண்ணுக்கு வயது ஏற ஏற அந்தத் திறனும் குறையும். அப்பாவின் மரபணுக்கள் முழுதாக வேலையைத் தொடங்குவது கரு நாலு, எட்டு செல்லாகப் பிரிகிற கட்டத்தில். அதனால்தான் கரு நன்றாக உருவான மாதிரி தெரிந்தும் பிறகு நின்றுபோகலாம். உலக சுகாதார நிறுவனமும் 2021 கையேட்டில் இந்த டெஸ்ட்டைக் கூடுதல் பரிசோதனைகளில் சேர்த்திருக்கிறது.

கோட்டயத்தில் நாங்கள் பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே "ஜோலி எந்தா?" (என்ன வேலை?) என்று கேட்டார். சீசனில் ராத்திரி முழுக்க காய் உலர்த்தும் ஸ்டோர் சூட்டில் நிற்பது, மருந்தடிக்கும் நாளில் கூடவே இருப்பது, பீடி, எல்லாம் சொன்னேன். விதைப்பை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்றார். பிறகு நிற்க வைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, கையால் தடவிப் பார்த்தார். இடது பக்கம் விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருந்தது. வெரிகோசீல். குழந்தையில்லை என்று வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிற விஷயம் இது. அதுவரை எந்த டாக்டரும் என்னைத் தொட்டுப் பார்த்ததே இல்லை, அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. சிதைவு 38 சதவீதம் வந்தது. பொதுவாக 30-க்கு மேல் போனால் அதிகம் என்பார்கள், லேபுக்கு லேப் முறை மாறும்.

ஆபரேஷன் செய்துகொண்டேன், பீடியை விட்டேன், ஸ்டோர் வேலையை மாற்றிக்கொண்டேன். விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய 3 மாதம் ஆகும், அதனால் இன்று செய்கிற மாற்றம் அதற்குப் பிறகுதான் ரிப்போர்ட்டில் தெரியும். எனக்குக் குறைந்தது. இப்போது ஒரு மகள் இருக்கிறாள். இதனால் மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இந்த எண் அதிகமாக இருந்தும் சிக்கலில்லாமல் குழந்தை பெற்றவர்களும் உண்டு.

மெடிக்கலில் விற்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளை நம்பி மாதங்களைக் கழிக்காதீர்கள். 2020-ல் வந்த மோக்ஸி ஆய்வில் அவற்றைச் சாப்பிட்டவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் டிஎன்ஏ சிதைவில் வித்தியாசம் தெரியவில்லை. சர்க்கரை, உடல் எடை, கிருமித் தொற்று இவற்றைப் பாருங்கள். நேராக இக்ஸிக்கு (ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை) போகச் சொன்னால், முதலில் காரணத்தைத் தேடிப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

சாம்பிள் கொடுக்கும் முன் ரொம்ப நாள் அடக்கி வைக்காதீர்கள், தேங்கத் தேங்கச் சிதைவு கூடும். லேபில் சொல்லும் நாள் கணக்கையே வைத்துக்கொண்டு, அடுத்த முறையும் அதே லேபில் அதே கணக்கில் கொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு ரிப்போர்ட்டையும் ஒப்பிட முடியாது.