1948-க்கு அந்தப் போகி ஒத்துவராது

நண்பரே, பென்சில்வேனியா ரயில்ரோடுங்கிற அமெரிக்க ரயில் கம்பெனியோட எக்ஸ்29 ரக சரக்குப் பெட்டியை 1948-இல் ஓடினபடி 1:87 அளவில் மாடலா செய்றேன், கையில் இருக்கிற ஆர்ச் பார் போகியை (போகின்னா பெட்டிக்கு அடியில சக்கரங்களைத் தாங்குற சட்டம்) மாட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம். இரும்புப் பட்டைகளை போல்ட் போட்டு இறுக்கின அமைப்பு அது. போல்ட் தளர்ந்து விபத்தானதால, அடுத்த கம்பெனித் தடத்துல ஓட 1940 வாக்கிலேயே தடை வந்தாச்சு. வார்ப்பு எஃகுச் சட்டம் உள்ள போகி வாங்குங்க. பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்க, தண்டவாளப் பராமரிப்பு வண்டிக்கு ஆகும்.

ஆனா நீங்க அனுப்பின மாடல் படத்துல என் கண்ணை உறுத்தினது கைப்பிடிகள்தான். 0.5 மி.மீ. கம்பி, 87-ஆல பெருக்கினா 43 மி.மீ., தண்ணிக் குழாய் கனம்! நானும் இப்படிப் பண்ணிட்டு ஒரு பெட்டி முழுக்கப் பிடுங்கினவன். 0.2 மி.மீ. பித்தளைக் கம்பி போடுங்க, உள்பக்கமா ஒரு பொட்டு சூப்பர் க்ளூ போதும்.