நோட்டை முதலில் காட்டுங்கள்

உடற்பயிற்சி பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மதுரையில் 28 ஆண்டுகளாக ஜிம் நடத்திவரும் மாஸ்டர் பதில் சொல்கிறார்.

கேள்வி: மாஸ்டருக்கு வணக்கம். எனக்கு வயது 22, எடை 58 கிலோ. எட்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். கை மட்டும் கொஞ்சம் தெரிகிறது. மார்பும் காலும் அப்படியே இருக்கின்றன. ‘உன் உடம்பு வாகுக்கு இயற்கையாக ஏறாது, 12 வாரம் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள், 20,000 ரூபாய் ஆகும்’ என்று எங்கள் ஜிம்மில் சொல்கிறார்கள். என்னோடு சேர்ந்த இரண்டு பேர் போட்டுக்கொண்டு மூன்றே மாதத்தில் ஆளே மாறிவிட்டார்கள். நானும் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஊசியின் விலை இருக்கிறது, நண்பர்களின் மாற்றம் இருக்கிறது. ஆனால் இன்று நீங்கள் எத்தனை கிலோ ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) எடுக்கிறீர்கள், எட்டு மாதத்துக்கு முன்னால் எத்தனை எடுத்தீர்கள், காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. ஊசியைப் பற்றி என்னிடம் கேட்க வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேரிடம் இந்தக் கணக்கு இருப்பதில்லை. அதனால் யார் கேட்டாலும், நோட்டைக் காட்டுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன்.

என் ஜிம்மில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்துவிடுவேன். 2016-இல் சேர்ந்த ஒரு பையனின் நோட்டு இப்போதும் என் மேஜையில் இருக்கிறது. பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவன். ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் எண்ணெய் விரல் பதிந்திருக்கும். முதல் பக்கத்தில் எடை 54 கிலோ. ஸ்குவாட்டுக்கு நேராக ‘வெறும் ராடு’ என்று எழுதியிருக்கிறான். அந்த ராடு 20 கிலோ. அதையும் எட்டு முறைக்கு மேல் அவனால் எடுக்க முடியவில்லை. வாரத்துக்கு இரண்டரை கிலோ கூட்டினோம். பன்னிரண்டாவது வாரம் 47.5 கிலோவில் நின்றுவிட்டது. மூன்று வாரம் அசையவே இல்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தால், அந்த மூன்று வாரமும் தேதிக்குக் கீழே ‘இரவு 2 மணி’ என்று சின்ன எழுத்தில் குறித்து வைத்திருந்தான். கடையில் ஆள் குறைந்து, இவன்தான் கடைசி வரை நின்றிருக்கிறான். முதலாளியிடம் பேசி நேரத்தை மாற்றிக்கொண்டான். மறு வாரமே 50 கிலோ ஏறியது. இரண்டு ஆண்டில் எடை 67, ஸ்குவாட் 100 கிலோ. அவன் தூக்கம் கெட்டதுதான் காரணம் என்று நோட்டு இல்லாமல் எனக்குத் தெரிந்திருக்காது. ‘உன் உடம்பு வாகு இவ்வளவுதான்’ என்று நானே சொல்லியிருப்பேன்.

இந்த வாகுப் பேச்சை நம்பாதீர்கள். கல்கத்தாவில் வாழ்ந்த மனோகர் ஐச் ஐந்தடிகூட இல்லாதவர். ஆங்கிலேயர் காலத்தில் சிறைக்குப் போனபோது கருவி எதுவும் இல்லாமல் பயிற்சி செய்தவர். 1952-இல் மிஸ்டர் யூனிவர்ஸ் ஆணழகன் போட்டியில் தன் உயரப் பிரிவில் பட்டம் வாங்கினார். ஸ்டீராய்டு மாத்திரைகளில் பெயர்பெற்ற டயனபால் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததே 1958-இல்தான். நூற்றுநான்கு வயது வரை வாழ்ந்து 2016-இல் காலமானார் அந்த மனிதர்.

கை மட்டும் தெரிகிறது என்பதிலிருந்து ஒன்று புரிகிறது. கண்ணாடிக்கு முன்னால் நின்று கைக்கான பயிற்சிதான் அதிகம் செய்கிறீர்கள். ஸ்குவாட், டெட்லிஃப்ட் (தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிர்வது), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து மார்புக்கு மேல் ராடைத் தள்ளுவது), புல்-அப் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது), தலைக்கு மேல் தூக்கும் பிரஸ் - இந்த ஐந்தையும் வாரம் மூன்று நாளில் பிரித்துச் செய்யுங்கள். தோரணை கெடாமல் எத்தனை கிலோ வருகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு மாதத்தில் கூடுகிற பலத்தில் பெரும்பகுதி தசையால் வருவதில்லை. இருக்கிற தசையை ஏவி வேலை வாங்க நரம்பு கற்றுக்கொள்வதால் வருவது. தசை அதற்குப் பின்னால் நிதானமாகத்தான் சேரும். வாரத்துக்கு ஒருமுறை பயிற்சி முறையை மாற்றிக்கொண்டே இருந்தால் அது சேருவதற்கே இடமில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். பளு தூக்குகிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது நல்ல கணக்கு. உங்களுக்கு நாளைக்குச் சுமார் 93 கிராம். முட்டை நான்கில் 24, அரை லிட்டர் பாலில் 16, நூறு கிராம் கொண்டைக்கடலையில் 19, ஐம்பது கிராம் வேர்க்கடலையில் 12. மீதி இட்லி, சாம்பார், சோறு, பருப்பிலேயே வந்துவிடும். இந்த நான்குக்கும் நாளைக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், ஊசிக்கு எடுத்து வைத்திருக்கும் 20,000 ரூபாய் எட்டு மாதத்துக்கு வரும். நீங்கள் இதுவரை ஜிம்முக்குப் போனதும் எட்டு மாதம்தான்.

உங்கள் நண்பர்கள் மாறியது உண்மைதான், அதை நான் மறுக்கமாட்டேன். 1996-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சியே செய்யாமல் பத்து வாரம் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்; தசைக்குப் போடும் ஸ்டீராய்டுகள் இந்த வகைதான்) ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களுக்கும் தசை கூடியது. என் கவலையே அதுதான். தப்பான பயிற்சியையும் அரைகுறைச் சாப்பாட்டையும் மருந்து மூடி மறைத்துவிடும். எது வேலை செய்தது என்று அவர்களுக்கே தெரியாது. ஊசியை நிறுத்தியதும் உடம்பு இறங்கும். அதைத் தாங்கிப் பிடிக்கக் கீழே ஒன்றும் இருக்காது. பயந்துபோய் மறுபடி ஊசிக்கே போவார்கள்.

உள்ளே நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்லி மூளை விதைகளுக்கு உத்தரவு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து ஊசியில் வந்து இறங்கினால் அந்த உத்தரவு நின்றுவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும். நிறுத்திய பிறகு பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம். சிலருக்கு முழுமையாக வருவதில்லை. நல்ல கொழுப்பு குறைகிறது, இரத்தம் தடிக்கிறது, இதயத்தின் சுவர் தடிக்கிறது. இது எதுவும் கண்ணாடியில் தெரியாது.

தசை வளரும் வேகத்துக்கு, அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் வளராது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். 2011-இல் என்னிடம் பயிற்சி செய்த ஒருவர் நான்கே மாதத்தில் பெஞ்ச் பிரஸ்ஸை 90 கிலோவிலிருந்து 130 கிலோவுக்குக் கொண்டுபோனார். எனக்குச் சந்தேகம் இருந்தது, கேட்கவில்லை. ஒரு மாலை ராடு அவர் மார்பை நோக்கி இறங்கும்போது துணி கிழிவதுபோல ஒரு சத்தம். நாங்கள் இருவர் ராடைப் பிடித்துத் தூக்கினோம். மறுநாள் அக்குளிலிருந்து முழங்கை வரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருந்தது. மார்புத் தசை எலும்போடு சேரும் இடத்தில் அறுந்திருந்தது. அறுவை சிகிச்சை ஆயிற்று. பழைய பலம் வரவில்லை. அன்று கேட்காமல் விட்டது என் தவறு. அதனால்தான் இன்று முகம் தெரியாத உங்களிடம் இவ்வளவு கேட்கிறேன். ஊசி வேண்டாம் தம்பி. நோட்டு ஒன்று வாங்கி, 12 வாரம் கழித்து அதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: வே புரோட்டீன் பவுடரும் ஸ்டீராய்டுதானா? வீட்டில் பயப்படுகிறார்கள்.
- வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை. பால் திரிந்து பிரியும் தெளிநீரிலிருந்து எடுக்கும் புரதம் அது. முட்டையும் கடலையும் சாப்பிட நேரமில்லாதவர்களுக்கு வசதி, அவ்வளவுதான். சீல் உடையாத டப்பாவாக, உணவுப் பாதுகாப்பு உரிம எண் பார்த்து வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

கேள்வி: ஐயா, பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு 16 வயது. அவன் பையில் மாத்திரை அட்டை ஒன்றைப் பார்த்தேன். மெத்தாண்டியனோன் என்று போட்டிருக்கிறது. கேட்டால் சத்து மாத்திரை என்கிறான். கை நடுங்குகிறது. என்ன செய்வது?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: அம்மா, அது சத்து மாத்திரை இல்லை. நான் மேலே சொன்ன டயனபாலின் மருந்துப் பெயர்தான் அது. கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. அதைவிட முக்கியம், உங்கள் மகன் இன்னும் வளர்கிற பிள்ளை. எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு என்று ஒன்று உண்டு. இந்த மருந்துகள் அதை நேரத்துக்கு முன்பே மூடிவிடலாம். மூடிவிட்டால் அதற்குமேல் உயரம் ஏறாது, திறக்க வழியில்லை.

இன்று இரவு அவனை அடிக்காதீர்கள், அட்டையை எரிக்காதீர்கள். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று மட்டும் கேளுங்கள். பயந்தால் பொய் சொல்வான். அந்தக் கணக்கு மருத்துவருக்கு வேண்டும். அட்டையோடு ஹார்மோன் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கல்லீரலுக்கும் ஹார்மோனுக்கும் இரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். எலும்பு வளர்ச்சியைப் பார்க்க மணிக்கட்டுக்கு எக்ஸ்ரே எடுக்கவும் சொல்லலாம். அவன் ஆசை தப்பில்லை. தண்டால், பஸ்கி, புல்-அப், கூடவே ஓட்டம் - இந்த வயதில் இது போதும். பெரியவர் ஒருவர் மேற்பார்வையில் பளுவும் தூக்கலாம். அவனை எனக்கு எழுதச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன்.

கேள்வி: வயது 33. பத்து ஆண்டாகப் பயிற்சி. ஸ்குவாட் 160 கிலோ. எல்லாம் நோட்டில் இருக்கிறது. இரண்டு ஆண்டாக ஒரே இடத்தில் நிற்கிறேன். அடித்தளம் போட்டாகிவிட்டது. இப்போதாவது ஸ்டீராய்டு எடுக்கலாமா?
- வாசகர், சேலம்

பதில்: பத்து ஆண்டு நோட்டு எழுதியவருக்கு என் வணக்கம். முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டு ஆண்டில் ஒருமுறையாவது பளுவைக் குறைத்து ஒரு வாரம் ஓய்வாகச் செய்ததுண்டா? வேறொருவரிடம் உங்கள் ஸ்குவாட்டைக் காட்டித் திருத்திக்கொண்டதுண்டா? தேக்கம் பல நேரம் அங்கேதான் உடையும்.

என் பதில் இப்போதும் வேண்டாம் என்பதே. ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்ட போட்டிகளில் கலந்துகொள்பவராக இருந்தால், தெரிந்தே எடுத்து மாட்டினால் பொதுவாக நான்கு ஆண்டு தடை. குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். ஆனால் நீங்கள் வளர்ந்த மனிதர், முடிவு உங்களுடையது. ஒரு துளி உள்ளே போவதற்கு முன்னால் இரத்த அழுத்தம், கொழுப்பு அளவு, இரத்த அடர்த்தி, கல்லீரல், டெஸ்டோஸ்டிரோன் அளவு, இதயத்துக்கு எக்கோ எல்லாம் பார்த்துவிடுங்கள். எதற்காகப் பார்க்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கைமாறி வரும் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று லேபிளை வைத்துச் சொல்ல முடியாது.

பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். கடைசி மூன்று மாத நோட்டுப் பக்கங்களையும் சேர்த்து அனுப்புங்கள். 160 கிலோ எங்கே தடுக்கிறது என்று சேர்ந்து தேடுவோம்.