தம்பி வாசலில் காவல் நின்றார்: தூக்குத் தண்டனை நிலைக்குமா?

கேள்வி: சில்லறைத் திருட்டு வழக்குகள் உள்ள என் தம்பி, 2022இல் இரு கூட்டாளிகளுடன் இரவில் ஒரு வீட்டில் திருடப் போனான். அவன் வாசலில் காவல் நிற்க, உள்ளே போனவர்களில் ஒருவன், விழித்துக்கொண்ட மூதாட்டியைக் கடப்பாரையால் அடித்துக் கொன்றுவிட்டான். நகையை மூவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். அமர்வு நீதிமன்றம் மூவருக்கும் தூக்கு விதித்துவிட்டது. இனி வழி உண்டா?

பதில்: உண்டு. உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் இத்தண்டனையை நிறைவேற்ற முடியாது. நீங்கள் கேட்காவிட்டாலும் வழக்குக் கட்டுகள் அங்கு அனுப்பப்பட்டாக வேண்டும். ஆயினும் அதை நம்பியிராமல், 30 நாள்களுக்குள் மேல்முறையீட்டையும் தாக்கல் செய்யுங்கள். தீர்ப்பு நகல் இலவசமாகக் கிடைக்கும். சிறையில் இருப்பவர் என்பதாலேயே, வருமானம் எவ்வளவானாலும், இலவச சட்ட உதவிக்குத் தம்பி உரியவர்.

வெளியில் நின்றது மட்டுமே அவரைக் காப்பாற்றிவிடாது. கல்கத்தா அஞ்சலகக் கொள்ளை வழக்கில், தான் முற்றத்தில்தான் நின்றதாகச் சொன்ன பரேந்திர குமார் கோஷின் வாதத்தை, ஆங்கிலேயர் கால உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. பொது நோக்கத்தோடு பலர் சேர்ந்து செய்த குற்றத்துக்கு ஒவ்வொருவரும் பொறுப்பு என்னும், இந்திய தண்டனைச் சட்டத்தின் 34ஆம் பிரிவுக்கு அத்தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அங்கே துப்பாக்கியோடு போனார்கள். இங்கே கடப்பாரை பூட்டை உடைக்கக் கொண்டுபோனதா, எதிர்ப்பவரைத் தாக்கவா என்பதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. திருடும் நோக்கம் மூவருக்கும் பொது என்பதை மறுப்பது வீண். கொல்லும் நோக்கமும் பொதுவாக இருந்ததென்று அரசுத் தரப்பு மெய்ப்பித்ததா என்று கேட்க வேண்டும். நகையைப் பங்கிட்டது திருட்டுக்கு வலுவான சான்று, கொலைக்கு அவ்வளவு வலுவானதன்று. உள்ளே அலறல் கேட்ட பிறகும் அவர் அங்கேயே நின்றார் என்று சாட்சியம் இருந்தால்தான் சிக்கல். அந்தச் சாட்சியின் குறுக்கு விசாரணையை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள்.

இரவில் வீடு புகுந்தவர்களில் ஒருவர் மரணம் விளைவித்தால், உடன் சேர்ந்த அனைவரையும் தண்டிக்க 460ஆம் பிரிவு தனியே இருக்கிறது. அதில் ஆயுள் தண்டனையோ பத்தாண்டு வரையிலான சிறையோ உண்டு, தூக்கு இல்லை. புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1க்கு முன் குற்றம் நடந்ததால் இப்பழைய சட்டமே பொருந்தும். கொலைக்கான 302ஆம் பிரிவை விட்டு இந்த 460ஆம் பிரிவில் தண்டிக்கும்படி மாற்று வேண்டுகோளாகக் கட்டாயம் கேளுங்கள். விசாரணை நீதிமன்றங்களில் இதைப் பலர் கேட்பதே இல்லை.

கொலைக் குற்றம் நிலைத்தாலும் தூக்கு நிலைக்க வேண்டியதில்லை. 1980ஆம் ஆண்டு பச்சன் சிங் தீர்ப்பின்படி அது அரிதினும் அரிதான வழக்குகளுக்கே உரியது. இந்தூரில் கொள்ளையின்போது ஒரே குடும்பத்துப் பெண்கள் மூவர் கொல்லப்பட்ட மனோஜ் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2022இல் தூக்கை, குறைந்தது 25 ஆண்டு கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனையாக மாற்றியது. நன்னடத்தை அலுவலர் அறிக்கை, சிறை நடத்தை அறிக்கை, மனநல மதிப்பீடு ஆகியவற்றைப் பெறாமல் தூக்கு விதிக்கலாகாது என்ற வழிகாட்டுதலும் அதில்தான் வந்தது. தீர்ப்பு நாளன்றே தண்டனையும் அறிவிக்கப்பட்டிருந்தால், இவை பெறப்பட்டனவா என்று முதலில் பாருங்கள். இல்லையெனில் அவற்றை உயர் நீதிமன்றமே வரவழைக்கும்படி மனுச் செய்யலாம். பள்ளிச் சான்று, மருத்துவச் சீட்டு, வேலை செய்த இடத்தின் கடிதம் என்று கையில் இருப்பதையெல்லாம் இப்போதே வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள்.