சட்டம் கேளுங்கள்: ஊதச் சொன்னால், மோதிவிட்டால்...

கல்யாண வீட்டில் இரவு குடித்தேன். மறுநாள் காலை 7 மணிக்கு பைக்கை மடக்கி ஊதச் சொன்னார்கள், 42 காட்டியது. ராத்திரி குடித்ததற்குக் காலையில் கேஸ் போடலாமா?
– வாசகர், விருதுநகர்

போடலாம். எப்போது குடித்தீர்கள் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. ஓட்டும்போது ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்பதுதான் கணக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவில் வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி. உடம்பு மணிக்குச் சுமார் 15 மி.கி. வீதம்தான் மதுவைக் கழிக்கும். நள்ளிரவில் 150 இருந்தவருக்கு விடியற்காலை 6 மணிக்கும் 60 இருக்கும். மோரும் எலுமிச்சைச் சாறும் பச்சைத்தண்ணீர்க் குளியலும் இதைக் குறைக்காது.

மதுச்சத்து உள்ள மவுத்வாஷால் கொப்பளித்த கையோடு ஊதினால் எண் ஏறும். அப்படியிருந்தால் தண்ணீரில் கொப்பளித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள். கருவியின் சீட்டில் நேரம், கருவி எண், அளவு மூன்றும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து. ஊதவே மாட்டேன் என்று அடம்பிடிப்பது வீண்: தக்க காரணமில்லாத மறுப்பை 205-வது பிரிவு உங்களுக்கு எதிரான சங்கதியாகவே எடுத்துக்கொள்ளும்.

ரோட்டிலேயே 10,000 ரூபாய் கட்டினால் முடிந்துவிடுமா? கைது செய்தால் ஜாமீன்?
– வாசகர், ஆவடி

ஹெல்மெட் அபராதம் மாதிரி இது ஸ்பாட் ஃபைனில் முடிகிற குற்றம் அல்ல. மாஜிஸ்திரேட் முன்பு போயாக வேண்டும். முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். மறுமுறை 2 ஆண்டு வரை, 15,000 ரூபாய். ‘ஒப்புக்கொண்டு கட்டிவிட்டு வந்துவிடுகிறேன்’ என்பவர்கள், அதுவும் தண்டனைதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். அடுத்த முறை மாட்டினால் இரண்டாவது குற்றமாகும். லைசென்ஸும் தற்காலிகமாக ரத்தாகலாம்.

கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்கிறது 202-வது பிரிவு. இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஜாமீன்தாரரின் ஆதார் நகலோடு போனால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் வாங்கலாம். ஜாமீன்தாரரைக் கொண்டுவர வசதியில்லாதவரைச் சொந்தப் பிணைப்பத்திரத்தில் விடவும் வழியுண்டு.

யாராவது இறந்துவிட்டால் கதையே வேறு. இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) (அஜாக்கிரதையால் மரணம்) போட்டால் 5 ஆண்டு வரை தண்டனை, ஆனால் ஜாமீன் உண்டு. போதையில் ஓட்டியதை வைத்து 105-வது பிரிவுக்கு (கொலை ஆகாத மரணம் விளைவித்தல்) மாற்றினால் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. கோர்ட்டில்தான் கேட்க வேண்டும். மும்பையில் 7 பேர் இறந்த அலிஸ்டர் பெரேரா வழக்கில், இந்த 105-க்கு இணையான பழைய இ.பி.கோ. 304-ன் இரண்டாம் பகுதியில் தரப்பட்ட தண்டனையை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

என் கணவர் கொத்தனார், வயது 34. குடித்துவிட்டு வந்த கார்க்காரர் மோதி கால் முறிந்தது. ‘டிரைவர் குடித்திருந்தார், பணம் தர முடியாது’ என்கிறது இன்ஷூரன்ஸ் கம்பெனி.
– வாசகி, திருக்கோவிலூர்

கம்பெனிக்கும் கார்க்காரருக்கும் உள்ள தகராறு அது, தாயே. ‘முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு கார் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்’ என்று கோர்ட்டுகள் உத்தரவிட்டிருக்கின்றன. மனுவில் ஓட்டுநர், உரிமையாளர், கம்பெனி மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். விபத்து நடந்த ஊரிலோ நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ உள்ள இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடலாம்.

முக்கியமானது கெடு. 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது சட்டம். இதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

தொகை எப்படி வரும்? மாத வருமானம் 15,000 என்று நிரூபித்தால் ஆண்டுக்கு 1,80,000. ஆண்டு வருமானத்தை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 34 வயதுக்கு அந்தப் பெருக்கு எண் 16. வேலைத்திறன் இழப்பு 30% என்றால் 8,64,000 ரூபாய். 40 வயதுக்குக் கீழ் சுயதொழிலில் இருப்பவருக்கு எதிர்கால வருமான உயர்வு 40% சேர்த்தால் 12,09,600. மருத்துவச் செலவு, வலி வேதனை, படுத்திருந்த மாதங்களின் கூலி எல்லாம் இதற்கு மேல்.

சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, அந்த 30%. டாக்டர் காலுக்கு மட்டும் தரும் சதவீதத்தை அப்படியே எடுக்க மாட்டார்கள்; அவர் தொழிலை அது எவ்வளவு பாதிக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். சாரம் ஏற முடியவில்லை, குந்தி உட்கார்ந்து பூச முடியவில்லை என்பதைச் சாட்சியத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு, வருமானம். கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை, மேஸ்திரியின் சாட்சியம், கூலி வரவான வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் காட்டாவிட்டால் கோர்ட் தானே ஒரு தொகையை நிர்ணயிக்கும். அது குறைவாகவும் இருக்கலாம். மருந்துக்கடை பில்லை அந்தந்த டாக்டர் சீட்டோடு பின் அடித்து வையுங்கள்.

அடிபட்டவர் மேல் ‘மது வாடை’ என்று ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டார்கள். இழப்பீடு போய்விடுமா?
– வாசகர், கரூர்

வாடை மட்டும் போதாது. ரத்தப் பரிசோதனை இல்லாமல் வாடையையும் தள்ளாட்டத்தையும் வைத்துப் போதை என்று முடிவுகட்ட முடியாது என்று 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விபத்துக்கு அவர் போதையும் காரணம் என்று எதிர்த்தரப்பு நிரூபித்தால், அந்தப் பங்கு அளவுக்குத் தொகை குறையும். பதிவேட்டு நகலை உடனே வாங்கிவிடுங்கள். அவரே குடித்துவிட்டு ஓட்டித் தானாக விழுந்திருந்தால் மட்டும், சொந்த வண்டிச் சேதத்துக்கான க்ளைம் கிடைக்காது.