அடிக்காத மாப்பிள்ளை – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். என் தங்கைக்கு 23 வயது. எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அவள் விரும்பிய பையனையே ஆவணியில் நிச்சயம் செய்தோம், தையில் கல்யாணம். பையன் குடிக்க மாட்டான், நல்ல வேலை, எங்கள் அம்மாவிடம் அவ்வளவு மரியாதை. ஆனால் கடையில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவதால் அவளைக் கூப்பிட முடியவில்லை என்று வேலையையே விடச் சொல்கிறான். பஸ்ஸில் ஏறினால் வீடியோ காலில் பக்கத்து சீட்டைக் காட்ட வேண்டும். கூடப் படித்த இரண்டு பெண்கள் 'சரியில்லை' என்றான், அவர்களோடு பேசுவதை விட்டுவிட்டாள். போன மாதம் திருவொற்றியூர் தேரடியில் சண்டை போட்டு அவள் போனைப் பிடுங்கித் தரையில் அடித்தான். மறுநாளே 18,000 ரூபாய்க்குப் புது போனோடு வந்து அழுதான். அவள் இரண்டு நாள் பேசாமல் இருந்ததற்குக் கையை பிளேடால் கிழித்து போட்டோ அனுப்பினான். அம்மா, "பாசம் ஜாஸ்தி, கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்கிறாள். இதுவரை ஒரு அடி அடித்ததில்லை. நான்தான் பெரிசுபடுத்துகிறேனா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை, நீங்கள் பெரிசுபடுத்தவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த 'இதுவரை ஒரு அடி அடித்ததில்லை'தான். நான் ஏழாவது படிக்கும்போது கொருக்குப்பேட்டையில் ஒரே வாசலில் ஆறு குடித்தனம் இருந்தோம். அதில் ஒரு அண்ணன், பெண்டாட்டியைக் குழாயடிக்கே அனுப்ப மாட்டார், வேலைக்குப் போவதற்கு முன்னால் எட்டு குடமும் அவரே தூக்கி வைத்துவிட்டுப் போவார். வாசலே அவரைக் கொண்டாடியது, எங்கள் அம்மா எங்கள் அப்பாவிடம் அவரைக் காட்டிக் காட்டித் திட்டுவாள். குழாயடியில்தான் எங்கள் தெருப் பெண்கள் பேசிக்கொள்வார்கள், அழுவார்கள், கைமாற்று வாங்குவார்கள் என்பதும், அந்த அக்காவுக்கு அது ஒன்றுதான் வெளி உலகம் என்பதும், அதைத்தான் அவர் குடத்தோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார் என்பதும் எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது. ஒரு ராத்திரி அந்த அக்கா உதடு கிழிந்து எங்கள் கதவைத் தட்டியபோது அம்மா டீ போட்டுக் கொடுத்து, விடிந்ததும் "பொறுத்துப் போம்மா" என்று அதே வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டாள். அம்மாவுக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான். அடுத்த பொங்கலுக்குள் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

அடியிலிருந்து கணக்கை ஆரம்பிக்கிறவர்களுக்கு அதற்கு முன்னால் நடப்பது எதுவும் கண்ணில் படாது. தேசியக் குடும்பநல ஆய்வுக்கு வீடு வீடாக வருகிறார்கள் இல்லையா, அதில் அடித்தாரா, உதைத்தாரா என்று கேட்பதற்கு முன்பே வேறு சில கேள்விகள் வரும். மற்ற ஆண்களோடு பேசினால் கோபப்படுகிறாரா, தோழிகளைப் பார்க்க விடாமல் தடுக்கிறாரா, பிறந்த வீட்டோடு தொடர்பைக் குறைக்கப் பார்க்கிறாரா, எந்நேரமும் எங்கே இருக்கிறாய் என்று தெரிய வேண்டும் என்கிறாரா. உங்கள் தங்கைக்கு இதில் எத்தனைக்கு 'ஆமாம்' என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள், நாட்டின் சராசரி 29தான். உடனே 'அதெல்லாம் உங்க வட சென்னைப் பக்கம்' என்று ஒரு குரல் வரும், எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே சுவர் மெல்லிசு, அடித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அண்ணா நகர் அபார்ட்மென்ட்டில் கேட்காது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் 'எங்கே இருக்கே, கேமராவைத் திருப்பு' என்பது எந்தச் சுவரையும் தாண்டாது, இங்கேயும் சரி, அங்கேயும் சரி.

அமெரிக்காவில் ஈவன் ஸ்டார்க் என்ற ஆய்வாளர் இதைத்தான் வருஷக்கணக்காகச் சொன்னார். நாம் அடியை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம், பறிபோவது அவள் சுதந்திரம் என்றார். 2015இல் இங்கிலாந்து இப்படிக் கட்டுப்படுத்தி வைப்பதையே, அடி இல்லாவிட்டாலும், 5 ஆண்டு வரை சிறை கிடைக்கும் குற்றமாக்கியது. நாம் அதற்கு 'பொசசிவ்' என்று செல்லப் பெயர் வைத்துச் சிரிக்கிறோம்.

பாசத்தையும் இதையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்பீர்கள். அவள் ஒன்றுக்கு 'முடியாது' என்று சொல்லும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பாசம் உள்ளவனுக்கும் பொறாமை வரும், முகம் தூக்கி வைத்துக்கொள்வான், ஒரு நாள் சாப்பிடாமல்கூட இருப்பான், அப்புறம் அவள் சொன்னதோடு சமாதானமாகிவிடுவான். இவனோ வேலையை விட முடியாது என்றால் போனை உடைக்கிறான், பேச முடியாது என்றால் கையைக் கிழிக்கிறான். முடியாது என்பதற்கு ஒவ்வொரு தடவையும் விலை ஏறுகிறது. ஒரு கட்டத்தில் அவளே அந்தச் சொல்லை மறந்துவிடுவாள். அப்போது வீடு அமைதியாக இருக்கும், அம்மா 'பாத்தியா, சரியாயிடுச்சு' என்பாள்.

அந்தப் புது போன் ஒரு பழைய கதை. லெனோர் வாக்கர் என்ற மனநல அறிஞர் 1979லேயே இதை ஒரு சுற்றாக எழுதினார். முதலில் வீட்டில் இறுக்கம் ஏறும், பிறகு வெடிக்கும், பிறகு அழுகையும் பரிசும் சத்தியமும். எல்லாருக்கும் இந்த வரிசையிலேயே வரும் என்றில்லை, பல பேருக்கு அந்த மூன்றாவது பாகம் வரவே வராது. வருகிறபோது பெண்ணைக் கட்டிப் போடுவது அதுதான். அந்த அழுகை பொய்யும் இல்லை, உண்மையாகவே அழுகிறான், அதனால்தான் அவளால் உதற முடியவில்லை.

கையைக் கிழித்ததை நடிப்பு என்று யாரும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள், அது ஆபத்து. ஆனால் அவன் உயிருக்கு உங்கள் தங்கை காவல் இல்லை. அந்த போட்டோவை அவன் அப்பா அம்மாவிடம் நீங்கள் காட்டுங்கள், 14416க்குக் கூப்பிட்டால் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும் என்று சொல்லுங்கள், பொறுப்பை அங்கே வையுங்கள். அவனுக்கு உதவி தேவைப்படுவது உண்மைதான், அதற்காகக் கல்யாணத்தை மருந்தாகக் கொடுக்க முடியாது.

தங்கையிடம் போய் 'அவன விட்டுடு' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அவன் ஏற்கெனவே இரண்டு தோழிகளை வெட்டிவிட்டான், மூன்றாவதாக உங்களை வெட்ட நீங்களே கத்தி எடுத்துக் கொடுத்ததாகிவிடும். அவனைப் பற்றிக் கேட்காமல் அவளைப் பற்றிக் கேளுங்கள். அந்தப் பெண்களோடு கடைசியாக எப்போது பேசினாள், வீட்டுக்கு வர பத்து நிமிஷம் தாமதமானால் வயிற்றில் என்ன செய்கிறது. ஒரே நாளில் பேச மாட்டாள். வேலையை மட்டும் விட விடாதீர்கள், சம்பளம் வருகிற கணக்கும் ஏடிஎம் கார்டும் அவள் கையில் இருக்கட்டும்.

அப்புறம், கல்யாணத்தைத் தள்ளிப் போடப் பாருங்கள். 'தை தோதுப்படவில்லை, வைகாசியில் வைக்கலாம்' என்று உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது சொல்லட்டும், பழி அவள் தலையில் விழ வேண்டாம். அவன் அதை எப்படி எடுத்துக்கொள்கிறான் என்று அம்மாவும் பார்க்கட்டும். ஒருவேளை அவளே வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதைத் தனியாகப் போய்ச் சொல்லக் கூடாது. 'கடைசியா ஒரே ஒரு தடவை பேசணும், பீச்சுக்கு வா' என்று கூப்பிட்டாலும் போகக் கூடாது. பிரிகிற நேரம்தான் மிக மோசமான நேரம், இந்தத் துறையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். எப்போதாவது கழுத்தில் கை வைத்தால், விளையாட்டுக்கு என்று சொன்னாலும், யோசிக்க எதுவும் இல்லை. கழுத்தை நெரித்தவன் பின்னால் கொலை வரை போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சட்டமும் கேட்பீர்கள். 2005இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் சொல்லால் வதைப்பதையும் பணத்தை முடக்குவதையும்கூட வன்முறை என்றே சொல்கிறது. அக்கம்பக்கத்தார்கூட, இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம், நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது. எங்கள் வாசலில் அன்றைக்கு யாருக்காவது இது தெரிந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன், ஆனால் அப்போது இந்தச் சட்டமே கிடையாது. ஒன்று கவனியுங்கள், இது ஒரே வீட்டில் வாழ்கிறவர்களுக்கும் வாழ்ந்தவர்களுக்கும்தான், நிச்சயம் மட்டும் ஆனவர்களுக்குப் பொருந்தாது. அவள் வேண்டாம் என்ற பிறகும் பின்தொடர்ந்தாலோ மிரட்டினாலோ அது நேரடியாக போலீஸ் புகார்தான். பெண்கள் உதவி எண் 181க்கு எந்நேரமும் கூப்பிடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, அதற்கு 15100.

இதையெல்லாம் உங்கள் போனிலிருந்து செய்யுங்கள். அவன் வாங்கிக் கொடுத்த அந்தப் புது போனில் ஜிமெயில் யாருடையது, பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும், லொகேஷன் எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது. அவசரப்பட்டு அதையெல்லாம் மாற்றவும் வேண்டாம், அவனுக்கு உடனே தெரிந்துவிடும். இந்தப் பதிலை அவளுக்கு ஃபார்வர்ட் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போது, அவள் போன் கீழேயே சார்ஜில் கிடக்கட்டும், உங்கள் போனில் திறந்து காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா